நாற்பத்தோராவது புள்ளடி

தூக்குத் தண்டனை வேண்டுமா வேண்டாமா என்று கண்டி முழுவதும் பேசிக்கொண்டிருந்த வருஷத்தில், எனக்கு அதைப் பற்றி ஒரு கருத்தும் இருக்கவில்லை. நான் கண்டிக் கோட்டில் தமிழ்த் துவிபாஷி. கூலிக்காரன் தமிழில் சொல்வதை நீதிபதிக்கு ஆங்கிலத்திலும், நீதிபதி ஆங்கிலத்தில் சொல்வதைக் கூலிக்காரனுக்குத் தமிழிலும் சொல்வது என் வேலை. மற்றவர்களுடைய கருத்துகளை இரண்டு பாஷையில் சொல்லத்தான் எனக்குச் சம்பளம். சொந்தமாக ஒன்று வைத்துக்கொள்ளும்படி யாரும் என்னைக் கேட்டதில்லை.

ஊர் யாழ்ப்பாணம். மலைக் குளிர் எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை; அட்டை ஒத்துக்கொள்ளவில்லை; நாள் முழுக்கத் தூறிவிட்டுக் கோடு கலைந்த பிறகு வெயில் காட்டுகிற வானமும் ஒத்துக்கொள்ளவில்லை. இத்தனைக்கும் நடுவில் என்னைத் தாங்கிப் பிடித்தது என் ஆங்கிலத்தின் மேல் எனக்கிருந்த மதிப்பு. வழக்குத் தொடங்குமுன் துவிபாஷி, ‘கூட்டாமலும் குறைக்காமலும் சொல்வேன்’ என்று சத்தியம் செய்ய வேண்டும். மற்றவர்கள் அதை மூக்குக்குள் முணுமுணுப்பார்கள். நான் நிமிர்ந்து நின்று கடைசி வாங்கில் உட்கார்ந்திருப்பவனுக்கும் கேட்கும்படி சொல்வேன். சாட்சிக்காரன் இருமினால் அதையும் மொழிபெயர்க்கக்கூடிய ஆள் என்று கோட்டில் என்னைக் கேலி செய்வார்கள். நான் அதைப் பாராட்டாகவே எடுத்துக்கொண்டேன்.

விவாதம் கொழும்பில் பிறந்தது. அங்கே சட்டசபையில், கோடுகளில் வழக்காடும் அப்புக்காத்து ஒருவர் எழுந்து, மனிதனை மனிதன் தூக்கில் போடுவது நாகரிகமான அரசாங்கத்துக்கு அழகில்லை, அதை அடியோடு நிறுத்த வேண்டும் என்று பேசினார். அடியோடு முடியாவிட்டால், ஊர் கூடிப் பார்க்க மேட்டில் வைத்துச் செய்யாமல் சுவருக்குள்ளாவது செய்யுங்கள் என்றார். தோட்டத் துரைமார் தரப்பில் இன்னொருவர் எழுந்து, மலைநாட்டில் இத்தனை ஆயிரம் கூலிகள் அமைதியாக இருப்பதே அந்த மேட்டைப் பார்த்துத்தான் என்றார். இரண்டு பேச்சும் பத்திரிகையில் முழுதாக வந்தன. அப்போது கோப்பி இலையில் இன்னும் நோய் விழுந்திருக்கவில்லை. ஆகவே எல்லாத் துரைமாருக்கும் பத்திரிகைக்குக் கடிதம் எழுத நேரமிருந்தது.

அந்தக் கடிதங்களை நான் ஆங்கிலப் பயிற்சிக்காக வாசிப்பேன். தூக்கைப் பார்க்கக் கூலிகளைக் கண்டிக்கு அனுப்புவதால் ஒரு நாள் பழம் பறிப்புக் கெடுகிறது என்று ஒரு துரை எழுதினார். மாட்டு வண்டியில் ஏற்றித் தோட்டந்தோட்டமாகக் கொண்டு போகக்கூடிய தூக்குமரம் ஒன்று செய்யலாம் என்பது அவருடைய யோசனை. அடுத்த கிழமை இன்னொரு துரை அதை மறுத்து எழுதினார். அவருக்கு மனிதாபிமானத்தில் ஆட்சேபம் எதுவுமில்லை. அவ்வளவு பாரமான வண்டி போனால் தோட்டத்துப் பாதை பழுதாகிவிடும் என்றார். அம்பிட்டியப் பக்கம் குடியிருந்த பட்டாளத்துத் துரை ஒருவர், தூக்கு இருக்கட்டும், ஆனால் திங்கட்கிழமைகளில் வேண்டாம், அன்று சந்தைக்குப் போகிற பாதையில் கூட்டம் அடைத்துக்கொள்கிறது என்று எழுதினார்.

கடைத்தெருவில் ஒரு புடைவைக் கடையின் மேல்வீட்டில் நான் குடியிருந்தேன். கடைக்காரர் திகனையைச் சேர்ந்த முஸ்லிம். எல்லோரையும் போல நானும் அவரை நானா என்பேன். அவர் என்னை முதலியார் என்பார். எனக்கு அந்தப் பட்டம் யாரும் கொடுக்கவில்லை, நான் திருத்தவுமில்லை. அவருக்கும் ஒரு கருத்து இருந்தது.

“கொலைக்குக் கொலதான், அதுல பேச்சில்ல மொதலியார். ஆனா செத்தவன்ட ஆளுங்க மன்னிச்சாங்கண்டா உட்டுரத்தான் வேணும். எங்கட மார்க்கத்துல அப்புடித்தான்.”

“அரசாங்கச் சட்டத்தில அப்பிடி ஒரு இடம் இல்லை, நானா” என்றேன்.

“அப்ப செத்தவன்ட ஆளுங்கள்ட யாரு கேக்குற?”

ஒருவரும் கேட்பதில்லை என்றேன். அவர் துணியை அளக்கத் தொடங்கிவிட்டார்.

இதற்கு நடுவில்தான் அந்த வழக்கு வந்தது. வத்தேகமவுக்கு மேலே ஒரு கோப்பித் தோட்டம். கூலிகள் குடியிருக்கும் லயத்தில் அடுத்தடுத்த இரண்டு அறைகள். ஒருவன் கூரைத் தண்ணீர் மற்றவன் வாசலில் தேங்கியது. மற்றவன் கானை வெட்டித் தண்ணீரைத் திருப்பினான். இவன் கானை மூடினான். மூன்று மழைக்கு வெட்டுவதும் மூடுவதுமாக இருந்தது. நாலாவது மழையில் இவன் கையில் மண்வெட்டி இருந்தது. அடிபட்டவன் மூன்றாம் நாள் இறந்துபோனான். அடித்தவன் ஓடவில்லை. அடிபட்டவனை முதுகில் சுமந்துகொண்டு துரை பங்களாவுக்கு ஓடியதே அவன்தான். அதை நான் தெளிவாகவே ஆங்கிலத்தில் சொன்னேன். கொலையை மறைக்க முயன்றான் என்று அரசாங்கத் தரப்பு அதற்கு விளக்கம் சொன்னது.

“செத்தவன் உனக்கு என்ன முறை?” என்று நீதிபதி கேட்கச் சொன்னார்.

“மச்சானுங்க சாமி.”

தோட்டத்தில் ஒரே கங்காணியோடு இந்தியாவில் இருந்து நடந்து வந்த ஆண்கள் எல்லோரும் எல்லோருக்கும் மச்சான்தான். முறை பார்த்துச் சொல்கிறவனும் அப்படித்தான் சொல்வான், முறை இல்லாதவனும் அப்படித்தான் சொல்வான். ஆகவே நான், ‘ஒரு வகையில் உறவினன் என்கிறான்’ என்று ஆங்கிலத்தில் சொன்னேன். ‘ஒரு வகையில்’ என்பது அவன் வாயில் இருந்து வரவில்லை. அன்று எனக்கு அது தெரியக்கூட இல்லை.

யூரிமார் பகல் சாப்பாட்டுக்கு முன் முடித்துவிட்டார்கள். சாகும்வரை தூக்கில் தொங்கவிட வேண்டும் என்ற தீர்ப்பை நான் அவனுக்குத் தமிழில் சொன்னேன். “சரிங்க” என்றான். தோட்டத்தில் துரை எது சொன்னாலும் அதுதான் பதில். கானை வெட்டு என்றாலும் சரிங்க, கானை மூடு என்றாலும் சரிங்க. தேசாதிபதி மனம் வைத்தால் தூக்கை மறியலாக, சிறைவாசமாக, மாற்றலாம். அதற்குச் சில கிழமை அவகாசம் இருந்தது.

கொழும்பு அப்புக்காத்துக்கு இந்த வழக்கு பிடித்துவிட்டது. கண்டியில் வழக்குப் பத்திரங்கள் எழுதும், தனக்குத் தெரிந்த ஒரு பிரக்கிராசிக்கு அவர் கடிதம் எழுதினார். கூலிகளே கையொப்பம் வைத்து இரக்கம் கேட்டு மனுவாக ஒரு பெத்திசம் அனுப்பினால், தேசாதிபதிக்கும் போகும், சபையிலும் அதை வாசிக்கலாம், தூக்கைப் பார்த்துக் கூலிகள் அடங்குகிறார்கள் என்று பேசுகிறவர்களின் வாயை அடைக்கலாம் என்பது அவர் எண்ணம். பிரக்கிராசி தன் எழுத்தரைக் கொண்டு தமிழில் ஒரு பெத்திசம் எழுதுவித்தார். ‘கருணா சமுத்திரமும் பூரண சந்திரனுமாகிய’ என்று அது தொடங்கியது. கூலிகள் எவரும் அப்படிப் பேசிக் கேட்டதில்லை. ஆனால் பெத்திசம் வேறு எப்படியும் தொடங்கி நான் பார்த்ததில்லை.

தோட்டத்தின் பெரிய கங்காணி அதைக் கொண்டுபோய்க் காலைப் பெரட்டில் கையொப்பம் வாங்கினார். பெரட்டு என்பது விடியற்காலையில் ஆட்களை வரிசையில் நிறுத்திப் பேர் கூப்பிடுவது. கையொப்பம் என்பதற்கும் ஒரு முறை உண்டு. எழுதத் தெரியாதவர்கள் பேனாவைத் தொட்டுக் கொடுப்பார்கள். கங்காணி பேரை எழுதி, அவர்கள் தொட்ட பேனாவால் பக்கத்தில் குறுக்கே இரண்டு கோடு கீறி ஒரு புள்ளடி போடுவார். தொட்டுக் கொடுத்தால் கொடுத்ததுதான். சூடத்தில் அடித்துச் சத்தியம் செய்ததற்கு அடுத்தபடி அவர்கள் அதை மதித்தார்கள்.

பெத்திசம் ஆங்கிலத்தில் போக வேண்டும், அது சரியான மொழிபெயர்ப்பு என்று நான் கீழே எழுதிக் கொடுக்க வேண்டும். கங்காணி அதைக் கோட்டு விறாந்தைக்குக் கொண்டுவந்தார். தலைப்பாகையும் கறுப்புக் கோட்டும் வெள்ளிப் பூண் போட்ட பிரம்பும், காலில் மட்டும் செருப்பில்லை.

“கணக்கப்புள்ள, இத கொஞ்சம் இங்கிலீசுல எழுதிக் குடுங்க” என்றார்.

“நான் கணக்கப்பிள்ளை இல்லை. கோட்டுத் துவிபாஷி.”

“எல்லாம் எழுதுற வேலதானுங்களே” என்றார், சமாதானமாக.

என் இருபது வருஷப் படிப்பை அவர் ஒரே வாக்கியத்தில் முடித்துவைத்தார். எனக்கு உள்ளே பற்றிக்கொண்டு வந்தது. கதிரையை இழுத்துப் போட்டு எழுத உட்கார்ந்தேன். கருணா சமுத்திரத்தை ஆங்கிலத்தில் கடந்து, பேர்ப் பட்டியலுக்கு வந்தேன். ஒவ்வொரு பேராக எழுதி, ‘இவர் புள்ளடி’ என்று பக்கத்தில் குறித்துக்கொண்டே போனேன். நாற்பத்தோராவது பேரில் பேனா நின்றது.

அது செத்துப்போனவனின் பேர். எனக்குச் சந்தேகமே இல்லை. வழக்கு நடந்த நாளில் அந்தப் பேரைத் தகப்பன் பேரோடு சேர்த்து எத்தனையோ முறை நானே சொல்லியிருந்தேன். கொலை செய்யப்பட்டவன், தன்னைக் கொலை செய்தவனுக்கு இரக்கம் காட்டும்படி தேசாதிபதியை மிகத் தாழ்மையுடன் கேட்டுப் புள்ளடி போட்டிருந்தான்.

என்ன நடந்திருக்கும் என்று எனக்கு உடனே விளங்கிவிட்டது. விளங்கிவிட்டதாக நினைத்தேன். செத்தவனையும் இரவோடிரவாக ஓடிப்போனவனையும் பேரேட்டில் உயிரோடு வைத்து, அவர்களுடைய அரிசியை வாங்கிக்கொள்ளும் கங்காணிமாரைப் பற்றிக் கோட்டில் இருக்கிற எவருக்கும் தெரியும். இந்த ஆளும் பேரேட்டைப் பார்த்து அப்படியே பெத்திசத்தில் எழுதிவிட்டார் என்று முடிவு கட்டினேன். நிமிர்ந்து பார்த்தேன். அவர் விறாந்தைத் தூணில் சாய்ந்து, வாவியைப் பார்த்துக்கொண்டு, ஈர்க்கால் பல் குத்திக்கொண்டிருந்தார்.

“இது ஆரின்ர புள்ளடி?” என்று ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். மூன்று சொல். நான் கேட்கவில்லை. கூட்டாமலும் குறைக்காமலும் சொல்வது என் கடமை, பட்டியலில் என்ன இருக்கிறதோ அதுதான் ஆங்கிலத்திலும் இருக்க வேண்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதி உண்மை. மீதி என்னவென்றால், என்னைக் கணக்கப்புள்ள என்று கூப்பிட்டவர் கொழும்பு வரை போய் அவமானப்படட்டும் என்று நினைத்தேன். அவமானப்படப் போவது கங்காணி மட்டும்தான் என்பது என் கணக்கு. நாற்பத்தோராவது பேரை அழகாக எழுதி, புள்ளடியையும் குறித்து, சரியான மொழிபெயர்ப்பு என்று கீழே என் கையொப்பத்தைச் சுழித்தேன்.

சபையில் அப்புக்காத்து பெத்திசத்தை வாசித்தார். நன்றாகவே வாசித்தாராம். அவர் உட்கார்ந்ததும் துரைமார் தரப்புக்காரர் எழுந்தார். அந்தப் பேர் யாருடையது என்று தோட்டத்துத் துரை அவருக்கு முன்பே எழுதியிருந்தார். நாற்பத்தோராவது மனுதாரரைச் சபைக்கு அழைத்து விசாரிக்க முடியுமா என்று அவர் மிக மரியாதையாகக் கேட்டார். முடியாதென்றால், எந்த இடத்தில் விசாரிக்கலாம் என்று அப்புக்காத்து வழி சொல்வாரா என்றும் கேட்டார். பத்திரிகையில் அந்த இடத்தில் ‘சிரிப்பு’ என்று போட்டிருந்தது. இரண்டு வரி தள்ளி ‘பெருஞ்சிரிப்பு’ என்று போட்டிருந்தது. கூலிகளின் பெத்திசம் எவ்வளவு பெறுமதியானது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி தனக்கு வேண்டாம் என்று அவர் முடித்தார்.

அப்புக்காத்து அந்த வழக்கைப் பற்றிப் பிறகு வாய் திறக்கவில்லை. தூக்கை நிறுத்தும் பேச்சையும் விட்டுவிட்டு, சுவரைப் பற்றி மட்டும் பேசினார். இனிமேல் மறியற்சாலைச் சுவருக்குள்ளேயே தூக்கிலிடுவது என்று முடிவானது. தூக்கு இருக்கிறது என்று ஒரு தரப்பும், மறைந்துவிட்டது என்று மறு தரப்பும் வெற்றி கொண்டாடின.

“மறச்சி வெச்சி செஞ்சா பாவம் கொறயுமா மொதலியார்?” என்று நானா கேட்டார். அது சபை தீர்மானிக்க வேண்டிய விஷயம் என்று சொல்லிவிட்டு மேலே போய்விட்டேன்.

தேசாதிபதியின் பதில் இரண்டு வரி. தலையிடக் காரணம் எதுவும் காணவில்லை என்றிருந்தது. அதைக் கைதிக்குத் தமிழில் சொல்ல என்னை மறியற்சாலைக்கு அழைத்தார்கள். தூக்குக்கு அப்போது இரண்டு நாள் இருந்தது. அவன் தரையில் குந்தியிருந்தான். என்னைக் கண்டதும் எழுந்து நின்றான். ஜெயிலர் துரை பக்கத்தில் நிற்க, நான் இரண்டு வரியையும் சொன்னேன்.

“சரிங்க சாமி” என்றான். பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு, “பெத்திசத்துல எல்லாரும் தொட்டுக் குடுத்ததா கங்காணி வந்து சொன்னாருங்களே” என்றான்.

“ஓம். குடுத்திருக்கினம்.”

“தங்கச்சி கூடத் தொட்டுக் குடுத்துச்சுன்னாரு.”

“எந்தத் தங்கச்சி?”

“என்கூடப் பொறந்ததுங்க. செத்துப்போனாரே, அவரு சம்சாரம்.”

அவன் மச்சான் என்று சொன்னது முறை பார்த்துச் சொன்ன மச்சான்தான். சொந்தத் தங்கையின் புருஷன். கோட்டில் அது ‘ஒரு வகையில்’ என்று பதிவாகியிருந்தது. செத்தவனுடைய மனைவியை ஒருவரும் சாட்சிக்குக் கூப்பிடவில்லை. சம்பவம் நடந்தபோது அவள் மலையில் பழம் பறித்துக்கொண்டிருந்தாள், ஆகவே அவளுக்குச் சொல்ல ஒன்றுமில்லை என்று இரண்டு தரப்பும் முடிவு செய்திருந்தன.

“தாளில அவளின்ர பேர் இல்லையே” என்றேன்.

“அது பேருக்கு இல்லீங்க. அவரு பேருக்குத் தொட்டுக் குடுத்துச்சு. எங்க ஆளுகளுக்குள்ள பஞ்சாயத்துன்னா அடிபட்டவன்தானுங்க எந்திரிச்சு, பொறுத்துக்கிட்டேன்னு சொல்லணும். மத்தவங்க சொன்னா செல்லாது. அடிபட்டவன் இல்லாமப் போயிட்டா, அவன் பொண்டாட்டி அவன் பேருக்கு நின்னு சொல்லும். அப்படித்தான் தங்கச்சி சொல்லுச்சு. கங்காணியும் சரிதான்னு எழுதுனாரு.”

அவன் என்ன சொல்கிறான் என்று ஜெயிலர் கேட்டார். குடும்பத்தைப் பற்றி விசாரிக்கிறான் என்றேன். இயல்புதானே என்றார் அவர்.

மறியற்சாலையில் இருந்து அரசாங்க ஏசண்டரின் காரியாலயமான கச்சேரிக்கு நான் அன்று நடந்த வேகத்தில் கண்டியில் ஒருநாளும் நடந்ததில்லை. இத்தனை நாள் இல்லாத கருத்து ஒன்று எனக்கு வந்திருந்தது. அவனைத் தூக்கில் போடக்கூடாது. பெத்திசத்தில் இருந்த அத்தனை புள்ளடியிலும் பெறுமதியான புள்ளடி அதுதான், அதைக் கேலிக்கூத்தாக்கியது நான்தான் என்று எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. பயமாக இருந்தது. கங்காணியைப் பற்றித் தப்பாக நினைத்துவிட்டது வேறு நெஞ்சை அறுத்தது. அந்த ஆள் ஒரு எழுத்துக்கூடப் பொய்யாக எழுதவில்லை.

உதவி ஏசண்டர் துரை கெட்ட மனிதர் இல்லை. பெத்திசங்கள் அவர் மேசை வழியாகத்தான் கொழும்புக்குப் போகும். என்னை உட்காரச் சொன்னார். அது வழக்கமில்லை. நான் சொன்னதை எல்லாம் குறுக்கிடாமல் கேட்டார். அடிபட்டவன் பேருக்கு மனைவி நிற்கும் வழக்கத்தை இரண்டாம் முறை சொல்லச் சொல்லிக் கேட்டார். பிறகு அலுமாரியைத் திறந்து பெத்திசத்தின் பிரதியை எடுத்தார்.

“நாற்பத்தோராவது பேருக்குப் பக்கத்தில் ‘இவர் மனைவி’ என்று தமிழில் இருந்ததா?”

“இல்லை, துரை.”

“அப்படியென்றால் உங்களுடைய மொழிபெயர்ப்பு சரிதானே?”

“சரிதான், துரை.”

“சரியான மொழிபெயர்ப்பு என்று நீங்கள் சான்று கொடுத்த கடதாசியைப் பற்றி, இப்போது நான் தேசாதிபதிக்கு என்ன எழுதுவது? அது பிழை என்று எழுதவா? இல்லை, நீங்கள் அந்தப் பேரைக் கவனிக்கவில்லை என்று எழுதவா?”

இரண்டும் இல்லை. கவனித்தேன், கேட்கவில்லை. அதுதான் நடந்தது. அந்த வாக்கியம் ஆங்கிலத்தில் என் நாக்கின் மேல் தயாராக இருந்தது. அதைச் சொன்னால் அவர் தந்தி அடித்திருப்பார் என்று இன்றைக்கும் நம்புகிறேன். அவர் பேனாவை மையில் தோய்த்துவிட்டுக் காத்துக்கொண்டிருந்தார். அதைச் சொன்னால் அடுத்த மாதம் நான் கோட்டில் இருக்கமாட்டேன். செத்தவன் பேர் என்று தெரிந்துகொண்டே சான்று கொடுத்த துவிபாஷியை எந்தக் கோட்டிலும் சத்தியம் செய்ய விடமாட்டார்கள். ஊருக்குத் திரும்பிப் போய், ஏன் வந்தாய் என்று கேட்கிற அத்தனை பேருக்கும் பதில் சொல்ல வேண்டும்.

“மொழிபெயர்ப்பில் பிழை இல்லை, துரை” என்றேன்.

“அப்படியானால்” என்றார். மீதியைச் சொல்லவில்லை. பேனாவில் இருந்த மை வீணாகாமல் வேறொரு கடதாசியில் கையொப்பம் வைத்தார். நான் எழுந்து வந்துவிட்டேன். இன்னும் ஒரு முழு நாள் மிச்சமிருந்தது. அந்த நாள் முழுக்க ஒரு காணி வழக்கில் மொழிபெயர்த்தேன். நன்றாக மொழிபெயர்த்ததாக நீதிபதி சொன்னார்.

சுவருக்குள் நடந்த முதல் தூக்கு அதுதான். துரைமார் ஏற்கெனவே ஆட்களுக்கு அரை நாள் விடுமுறை விட்டிருந்தபடியால், இரண்டு மூன்று தோட்டத்து ஆட்கள் சுவருக்கு வெளியே வரிசையில் வந்து நின்றார்கள். அவர்கள் சுவரைப் பார்த்தார்கள். கூலிகளின் மனதில் அது நல்ல பலனை உண்டாக்கியதாகப் பத்திரிகையில் எழுதியிருந்தது. எனக்கு உள்ளே வேலை. கடைசியாகச் சொல்ல ஏதாவது உண்டா என்று ஜெயிலர் துரை கேட்டார். நான் தமிழில் கேட்டேன். “ஒண்ணுமில்லீங்க சாமி” என்றான். நான் ஆங்கிலத்தில், ஒன்றுமில்லை என்றேன். அதில் பிழை இல்லை.

பழம் பறிப்பு முடிகிற காலம் வந்தது. ஒருநாள் பகல் சாப்பாட்டுக்குக் கோடு கலைந்த நேரம், விறாந்தையில் ஒரு பெண் நிற்பதாகச் சேவகன் வந்து சொன்னான். பெத்திசம் எழுதின சாமியைத் தேடுகிறாளாம். வெளியே போனேன். இருபத்தைந்து வயதுக்கு மேல் இருக்காது. கழுத்து வெறுமையாக இருந்தது. கோப்பிப் பழத்தின் பிசின் ஏறி விரல்கள் கறுத்திருந்தன. வத்தேகமவுக்கு மேலே இருந்து நடந்தே வந்திருந்தாள். தான் யார் என்று அவள் சொல்லுமுன் எனக்குத் தெரிந்துவிட்டது.

“என்ன வேணும், பிள்ளை?”

“ஒண்ணு கேட்டுட்டுப் போயிடுறேன் சாமி. நான் எம் பேருக்கே தொட்டுக் குடுத்திருந்தா எங்க அண்ணன் இருந்திருக்குமுங்களா?”

வாங்கில் உட்காரும்படி கைகாட்டினேன். அவள் உட்காரவில்லை.

“கங்காணி அப்பவே கேட்டாருங்க, யாரு பேருக்கு எழுதறதுன்னு. நாந்தான் சொன்னேன். செத்தது அவரு, பொறுக்கிறதுன்னாலும் அவருதானே பொறுக்கணும், அவரு பேருக்கே எழுதுங்கன்னு. அந்தப் பேரப் பாத்துத்தான் தொரைங்க சிரிச்சாங்களாம். அதனாலதான் தூக்கிட்டாங்கன்னு லயத்துல சொல்றாங்க. அண்ணி எங்கூடப் பேசறதில்லீங்க. அண்ணன் புள்ளைகள எங்கிட்ட விடறதில்ல. புருசனையும் தின்னு அண்ணனையும் தின்னுட்டேன்னு சொல்றாங்க. சாமிதான் எழுதுனீங்களாம். உங்களுக்குத்தானே தெரியும். எம் மேலதான் தப்புங்களா?”

“இல்லை” என்றேன். “உன்னில ஒரு பிழையும் இல்லை.”

அதுவரைக்கும் நான் சொன்னது உண்மை. அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அப்ப யாரு மேலங்க?”

விறாந்தையில் வேறு ஒருவரும் இருக்கவில்லை. அவளுக்கு ஆங்கிலம் தெரியாது, எனக்கு மேலே இருக்கிற எவரிடமும் போய்ச் சொல்லக்கூடியவளும் இல்லை. என் வேலைக்கு அவளால் ஒரு ஆபத்தும் கிடையாது. சொல்லியிருந்தால், அவள் திரும்பிப் போய் லயத்தில் அதைச் சொல்லியிருப்பாள். அண்ணி அவளோடு பேசியிருக்கவும் கூடும்.

“ஒருத்தரிலயும் இல்லை, பிள்ளை. அது மேலிடத்து உத்தரவு” என்றேன்.

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “இப்பத்தான் மனசு ஆறுச்சுங்க சாமி. நீங்க நல்லா இருக்கணும்” என்றாள். குனிந்து என் காலைத் தொட்டுக் கும்பிட்டாள். நான் காலை இழுத்துக்கொள்ளவில்லை.